எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வரி

அமெரிக்காவில் 'லிவிங் டிரஸ்ட்' என்று ஒன்று எழுதுவார்கள். உயிரோடு இருக்கும்போதே வீடு, பேங்க் கணக்கு, ஷேர் எல்லாவற்றையும் ஒரு டிரஸ்ட் பேருக்கு மாற்றிவிட்டு, தானே டிரஸ்டியாக இருந்து அனுபவிப்பது. மனசு மாறினால் ரத்துப் பத்திரம் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில், 'இதை ரத்து செய்ய முடியாது' என்று பத்திரத்திலேயே எழுதாதவரை எழுதியவருக்கு அந்த உரிமை தானாகவே உண்டு.

நம்ம ஊரில் அப்படியே தலைகீழ்! 1882-ம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம், பிரிவு 78 சொல்வது இதுதான்: உயில் மூலம் எழுதிய டிரஸ்ட்டை இஷ்டப்படி மாற்றலாம். உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய, பயனாளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அல்லது ரத்து செய்யும் அதிகாரத்தை அந்தப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்க வேண்டும். (கடன்காரர்களுக்குப் பணம் கொடுக்க எழுதிய டிரஸ்ட்டுக்குத் தனி விதி, அது இங்கே வேண்டாம்.) அந்த ஒரு வரி இல்லையென்றால், பின்னாடி எவ்வளவு அழகாக ரத்துப் பத்திரம் தயாரித்தாலும் அது வெறும் காகிதம்தான்.

'எங்க வீட்டில் யாருடா டிரஸ்ட் எழுதுறாங்க?' என்று கேட்பீர்கள். சரிதான். நம் வீடுகளில் எழுதுவது செட்டில்மெண்ட். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருப்பதால் செலவும் கம்மி. வேளச்சேரியில் ஏரியும் சதுப்பு நிலமுமாக இருந்த காலத்தில் சல்லிசாக மனை வாங்கிப் போட்ட தாத்தாக்கள் நிறைய பேர். இன்றைக்கு அதன் விலை நமக்குத் தெரியும். அதைத்தான் 'உன் மீது நான் கொண்ட அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று இரண்டு பக்கத்தில் எழுதி மகன் பேருக்கோ மகள் பேருக்கோ மாற்றிவிடுகிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 126-ன்படி தானத்தை 'எனக்குத் தோன்றும்போது திரும்ப எடுத்துக்கொள்வேன்' என்று எழுதினால் அந்த அளவுக்குத் தானமே செல்லாது. கொடுப்பவரின் விருப்பத்தைச் சாராத ஒரு குறிப்பிட்ட காரணம் வேண்டும், அதை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நிபந்தனையே இல்லாமல் கொடுத்துவிட்டு, அப்புறம் தன்னிச்சையாக ரத்துப் பத்திரம் பதிய முடியாது. சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு 2022-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெற்றோருக்கு இருக்கும் இன்னொரு வழி, 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23. 60 வயது தாண்டியவர், 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம்.

ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லை என்றால்? 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிரூபித்தே ஆகவேண்டும் என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தைத் தாராளமாகத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. அதே வருஷம் மார்ச்சில், நாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு படி மேலே போய், 'அன்பும் பிரியமும்' என்பதே மறைமுகமான நிபந்தனைதான் என்றது.

கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எண்பது வயதுக்கு மேல் ஒருவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், ஹைகோர்ட் என்று அலைந்து, பெற்ற பிள்ளைக்கோ மருமகளுக்கோ எதிராக 'எனக்குச் சோறு போடவில்லை' என்று நிரூபிக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு வரி இருந்திருந்தால் பாதி சண்டை அங்கேயே முடிந்திருக்கும்.

'பெத்த புள்ளைகிட்ட கண்டிஷன் போடறதா, நாலு பேர் என்ன நினைப்பாங்க?' என்ற கூச்சம்தான் அந்த வரியை எழுத விடாமல் தடுக்கிறது. என்னைக் கேட்டால், அதை எழுதச் சொல்ல வேண்டியது கொடுப்பவர் இல்லை, வாங்குபவர்தான். எங்கள் வீட்டிலும் தாத்தா பேரில் இருக்கும் வீட்டை அப்பா பேருக்கு மாற்றலாமா என்று பேச்சு ஓடுகிறது. நாளைக்கு எனக்கும் வரப்போகிற வீடுதான். இருந்தாலும் நான் அப்பாவிடம் சொன்னது இதுதான்: முதலில் உயில் போதுமா என்று பாருங்கள், அதைத் தாத்தா தெளிவாக இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட்தான் என்றால், தாத்தாவும் பாட்டியும் ஆயுள்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை, சாப்பாடு, மருத்துவச் செலவு, இவற்றைச் செய்யத் தவறினால் பத்திரம் ரத்து என்று நீங்களே எழுதச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ளத்தான் போகிறோம் என்றால் எழுதிக் கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

பிஸினஸில் பார்ட்னர்ஷிப் ஆரம்பிக்கும்போதே எப்படிப் பிரிவது என்றும் எழுதி வை என்று காமர்ஸ் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதனால் பார்ட்னர்கள் யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லையே :-)

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்திருக்கிறதா? நீங்கள் வாங்குபவராக இருந்தால் அந்த ஒரு வரியை எழுதச் சொல்வீர்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பி.காம். மாணவன். பத்திரம் எழுதும் முன் நல்ல வக்கீல் ஒருவரைப் பாருங்க மக்களே!