துரும்பால் பேசிய தளபதி

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், 1974-ஆம் ஆண்டில் எழுப்பிய நினைவுக் கோட்டைக்குள் நுழைந்த மாத்திரத்தில் எவனாவது ஒரு பையன் கட்டபொம்மனாக மாறிச் சினிமா வசனத்தை முழங்கிவிடுகிறான். கரிசல் காட்டுக் காற்றுக்கும் அது பழகிப்போயிருக்கும். வாய் திறந்து ஒரு வசனமும் பேசாத தம்பி ஊமைத்துரையைப் பற்றித்தான் எவனும் கேட்பதில்லை.

கும்பினிப் படையில் இருந்து அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற துரை, 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், அவரைக் காதும் கேளாத, வாயும் பேசாத, நோயாளி போல் மெலிந்த இளைஞர் என்று வருணிக்கிறார். அந்த இளைஞர் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பி, மே மாதம் வரையில் கும்பினியாரைத் திணற அடித்தார். கட்டளையிடுவது எப்படி? துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அவைதாம் வெள்ளையர் படை. வலக் கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்து, வாயால் 'உஸ்' என்று ஓர் ஓசை எழுப்புவாராம். உடனே படை புறப்படும்!

சமிக்ஞை என்பது காட்டுகிறவன் ஒருவனால் மட்டும் ஆவதில்லையே. கண்டு தெரிந்துகொள்கிறவனும் வேண்டும். அத்தனை பேரும் அவர் கையைப் படிக்கக் கற்றிருந்தார்கள் என்றால், சிறு வயதில் வீட்டில் யாரோ அவர் எதிரே பொறுமையுடன் உட்கார்ந்திருக்க வேண்டும். இது நம் ஊகமே, சரித்திரக்காரர்கள் மன்னிப்பார்களாக.

நம் வீடுகளில் நடப்பது என்ன? குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று வைத்தியர் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அதன் பிறகு தாய், கிரகணத்தன்று தான் வெளியே வந்ததை நினைத்து நினைத்து அழுகிறாள். தகப்பனார் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். பாட்டி, "போகப் போகப் பேசிவிடுவான்" என்று இரண்டு வருஷங்களை ஓட்டிவிடுகிறாள். பையனோ பசியையும் வலியையும் சொல்ல வழியின்றிப் பாத்திரத்தை எறிகிறான். 'முரடன்' என்ற பட்டம் வருகிறது. அக்காள்காரி எட்டு வயதிலேயே துபாஷி ஆகிறாள். அவளுக்கும் ஒரு மனசு உண்டு என்பதை வீடு மறந்துவிடுகிறது.

கிரகணத்துக்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லை. பிறந்த சில நாட்களிலேயே செவியைச் சோதிக்க இன்று கருவி உண்டு. 2013-இல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டத்தின்படி மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் சோதனையும் பயிற்சியும் கிடைக்கும். உளவியல் அறிந்த ஒருவரும் அங்கே இருக்க வேண்டும் என்பது திட்டம். ஆகையால் குழந்தையின் காதைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்பிவிடலாகாது. தாங்கள் தூங்குகிறார்களா, வீட்டில் ஏன் சண்டை மூள்கிறது, மூத்த பெண் ஏன் வாடியிருக்கிறாள் என்பதையும் பெற்றோர் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். அதே நிலையில் உள்ள வேறொரு தாய் தந்தையரைச் சந்திப்பது, நாம் கண்ட வரையில், பாதி மருந்து. கருவி பொருத்தினாலும் பொருத்தாவிட்டாலும் சைகை பாஷையை வீட்டார் அனைவரும் கற்பது நலம், தகப்பனார் முதலில்.

ஊமைத்துரையைப் பூட்டி வைத்த பாளையங்கோட்டையிலேயே, ஒரு நூற்றாண்டு கழிவதற்குள், பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மாது காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. கோவில்பட்டியில் காலையில் திருநெல்வேலி பஸ் ஏறினால், பார்த்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பலாம்.