பேரைக் கேட்கிற அதிகாரம்

'சொந்தப் பேரை வெளியில போட்டா வசை பாடுறவன் அடங்கிடுவான்.' 2010 ஜூலை 6இல் அமெரிக்காவின் பிளிசார்ட் கம்பெனி சொன்ன நியாயம் இதுதான். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடுகிறவர்கள் அதன் விவாதப் பக்கங்களில் எழுதினால் முழுப்பெயர் ஊருக்கே தெரியுமாம். பயமில்லை என்று காட்டத் தன் பெயரைப் போட்டார் ஓர் ஊழியர். உடனே அவருடைய சொந்த விவரங்களைத் தோண்டிக் கடைபரப்பினார்கள். ஜூலை 9இல் கம்பெனி பின்வாங்கியது.

பேரைக் கேட்டே ஆளை எடைபோடுகிற உலகம் இது. பெண் பேரைப் பார்த்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளைத் துரத்துகிறவன் இருக்கிறான். திருநங்கைக்குச் சான்றிதழில் உள்ள பேரே காயம். ஆதிக்கக்காரன் பேருக்கு என்ன ஆபத்து?

தென்கொரியா 2007இல் சட்டமே போட்டது: பெரிய இணையதளங்களில் அடையாளத்தை நிரூபித்தால்தான் எழுதலாம். 2011இல் இரண்டு தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்தது.

வசை பாடுகிறவனைத் தண்டிக்க வேண்டாமா? தண்டி! மாதச் சந்தா கட்டுகிறவன் யாரென்று கம்பெனிக்குத் தெரியாதா? அவன் கணக்கை முடக்கு. அதைச் செய்ய ஆள் போடணும், காசு செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் அடிபடுகிறவளின் பேரைக் கேட்கிறார்கள்.

எங்கள் பேரை யாரிடம் சொல்வது என்று நாங்கள் முடிவு செய்வோம்.