குறுக்கெழுத்து விளக்கம்: கட்டங்களுக்குள் ஒரு கடல்



சென்ற வாரப் புதிரின் குறிப்புகள் யாவும் கடலைப் பற்றியனவாக அமைந்தன. நுவரெலியாவிலும் அட்டனிலும் தேயிலை மலைகளுக்கிடையே வளரும் மாணவர்க்கு இவை கடினமாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். விடைகளைப் பாருங்கள், அவை நமக்கு அந்நியமானவை அல்ல.

இடமிருந்து வலம்

1. கடலும் இது, விரலில் மின்னும் மோதிரமும் இது (2): ஆழி. சக்கரத்துக்கும் இப்பெயர் உண்டு.

4. கப்பலுக்கு வழி காட்டும். தான் வழி நடவாது (3): மிதவை. கடலடியில் நங்கூரமிட்டுச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருப்பதால், அலையோடு எழுந்து தாழுமேயன்றி இடம் பெயராது. நம் நாட்டுத் துறைமுகத்துள் நுழையும் கப்பலுக்குச் சிவப்பு மிதவை இடப்புறமும் பச்சை மிதவை வலப்புறமும் இருத்தல் வேண்டும்.

6. புயல் அழித்த துறை (5): தனுஷ்கோடி. 1914ஆம் ஆண்டு முதல் இங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் ஊரே அழிந்தது.

மேலிருந்து கீழ்

1. பாக்கு நீரிணையை நீந்திச் சென்று, நீந்தியே மீண்டவர் (5): ஆனந்தன். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த இவர், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்குமாக 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். ‘ஆழிக்குமரன்’ எனப் போற்றப்பெற்ற இவ்வீரர், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். 1966இல் இதே நீரிணையைக் கடந்த மிஹிர் சென்னின் பெயரும் ஐந்து கட்டங்களில் அடங்கும். ஆயினும் அவர் நீந்தியது ஒரு வழியே. ‘ஆழி’யின் முதலெழுத்தோடும் அப்பெயர் பொருந்தாது.

6. மலைநாட்டார் பலருக்கு வந்திறங்கிய கரை. பின்னர்ப் பிரிந்து சென்ற கரை (6): தலைமன்னார். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் கால்வைத்த இடம் இது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற குடும்பங்கள் பல, மலைநாட்டு நிலையங்களில் இரயிலேறி வந்து, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியதும் இங்கேதான்.

தனுஷ்கோடியும் தலைமன்னாரும் ஒரே ‘த’வில் தொடங்குவதைக் கவனித்தீர்களா? இடையில் இருப்பதோ சுமார் 20 மைல் கடல். ஆனந்தன் சென்று மீண்ட அக்கடலை ஒருவழியாகவே கடந்தவர்கள் நம் உறவினருள் எத்தனையோ பேர்.

மாணவர்களே, இவ்விடைகளுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியரைக் கேளுங்கள். யார் வந்தார், யார் சென்றார், எந்த ஆண்டில் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதிரின் விடை தவறாமல் மறுவாரம் வெளிவரும். முதியோர் நெஞ்சிலுள்ள விடையை, அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும்.