பனியனைப் பெட்டியில் பூட்டாதீங்க!

கம்ப்யூட்டரில் கற்பனைக் கால்பந்து லீக் நடத்துகிறார்கள். ஆட்டக்காரரும் நிஜமில்லை, கோலும் நிஜமில்லை. ஆனாலும் அந்தப் பொம்மை வீரர் ஓய்வு பெற்றால் 'புகழ் மண்டப'த்தில் பேர் ஏறுகிறது!

நிஜமாக ஓடி வியர்த்தவர்கள் கதி? 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாடு முதன்முதலாக தேசிய மகளிர் கால்பந்து சாம்பியன் ஆனதே, அந்த அணியில் ஆடியவர் கடலூர் இந்துமதி கதிரேசன். 2019-ல் தெற்காசியக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும்கூட. பண்ருட்டி சந்தியா ரங்கநாதனும் இந்தியாவுக்கு ஆடியவர்தான். ஜெயித்த அன்றைக்கு மாலை, பொன்னாடை, போட்டோ. இப்படிப்பட்டவர்கள் நாளைக்கு ஆட்டத்தை விட்டபின் சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

கிரிக்கெட்டில் டெண்டுல்கரின் 10-ம் நம்பரையும் டோனியின் 7-ம் நம்பரையும் இனி யாருக்கும் இல்லையென்று எடுத்து வைத்துவிட்டார்கள். நமக்கு அது சரிப்படாது. பெட்டியில் பூட்டிய பனியனைப் பூச்சிதான் அரிக்கும்!

ஓய்வு பெறுகிறவர் தன் கையாலேயே அந்த நம்பர் பனியனை ஒரு சின்னப் பெண்ணுக்கு மாட்டிவிடட்டும். கடலூர் அண்ணா ஸ்டேடியத்தில் கடலூர்-சிதம்பரம் பெண்கள் ஆட்டம் ஒன்று வைக்கலாம். வசூல் முழுக்க அவருக்கே. மந்திரி தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அவர் வந்து பேசி முடிப்பதற்குள் இருட்டிவிடும்.