சொல்லுக்கு முன் பொருள்: எங்கள் கொள்கைப் பிரகடனம்

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வேதியியல் மனப்பாடப் பாடமாகிவிட்டது. தனிமம் என்றால் என்ன என்று கேட்டால் வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். இந்த அறைக்குள் ஒரு தனிமத்தைக் காட்டு என்றால் திகைத்து நிற்கிறார்கள். சுவரில் ஓடும் மின்கம்பிக்குள் செம்பு இருக்கிறது. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. இந்த நிலையை மாற்றவே ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களுமாகச் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

வேதியியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகப்போவதில்லை. அது முடிந்து நூறாண்டுக்கு மேலாகிறது. யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1875இல் ‘கெமிஸ்தம்’ நூலைக் கொண்டுவந்தார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். சொற்கள் வந்துவிட்டன, பிள்ளைகளின் கைக்குத்தான் இன்னும் வரவில்லை.

ஆகவே எங்கள் முதற்கொள்கை: பொருளைப் பார்த்த பிறகே சொல்; சொல் பழகிய பிறகே வரையறை.

சுண்ணாம்பையே எடுத்துக்கொள்வோம். கிளிஞ்சலில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். கால்சியம், கார்பன், ஆக்சிஜன் என்ற மூன்று தனிமங்கள் மாறாத விகிதத்தில் கூடிய சேர்மம் அது. சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இது சிதைவு வினை. தூய கால்சியம் கார்பனேட் 100 கிராம் முழுவதும் சிதைந்தால் 56 கிராம் திண்மமும் 44 கிராம் வாயுவும் கிடைக்கும். கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு நிறை மாறா விதி அங்கேயே புரிந்துவிடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் சீறிக் கொதிக்கும். வெப்ப உமிழ் வினை. (கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து ஆசிரியர் மட்டுமே செய்யட்டும், பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கட்டும்.) அப்படிக் கிடைக்கும் நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து இறுத்தால் கரைசல். அதற்குள் குழல் வைத்து மூச்சை ஊதினால் பால்போலக் கலங்கும், வீழ்படிவு. மூச்சு ஊதாத தெளிந்த நீரில் ஒரு சொட்டு மஞ்சள் தடவிய தாளில் விழுந்தால் ஆரத்தித் தட்டின் சிவப்பு எழும்; மஞ்சள்தான் நிறங்காட்டி. ஒரு கைப்பிடிக் கிளிஞ்சலில் அரைப் பருவப் பாடம் அடங்கியிருக்கிறது.

சொற்களுக்காகச் சண்டையிட மாட்டோம். தமிழ்நாட்டில் தனிமம், சேர்மம் என்பதை இலங்கையில் மூலகம், சேர்வை என்கிறார்கள். இரண்டும் நம்முடையவை, பிள்ளைக்கு இரண்டும் தெரியட்டும். ‘காரம்’ விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்களைத் தமிழ்நாட்டில் காரம் என்றும், அவற்றில் நீரில் கரைபவற்றை எரிகாரம் என்றும் சொல்கிறோம். இலங்கையில் முன்னது மூலம், பின்னதுதான் காரம். மிளகாயின் காரத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலப் பெயர்களையும் குறியீடுகளையும் ஒளிக்க மாட்டோம். கல்லூரி வாசலில் பிள்ளை மிரண்டு நிற்கக் கூடாது. சோடியத்தின் குறியீடு நேட்ரியம் என்ற பெயரிலிருந்தும், இரும்பின் குறியீடு ஃபெர்ரம் என்ற லத்தீன் பெயரிலிருந்தும் வந்தவை. காரணம் சொன்னால் குறியீடு மனதில் நிற்கும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் எங்கள் கோரிக்கை: வரையறைக்கு மட்டும் மதிப்பெண் தராதீர்கள், எடுத்துக்காட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, வரும் கல்வியாண்டின் முதல் வேதியியல் வகுப்பில் ஓர் அலுமினியத் தாள், ஒரு பிடி உப்பு, ஒரு குவளை சர்க்கரைத் தண்ணீர் ஆகியவற்றை மேசைமேல் வையுங்கள். எது தனிமம், எது சேர்மம், எது கரைசல் என்று பிள்ளைகளே வாதாடட்டும். புத்தகத்தை அதன் பிறகு திறங்கள்.