சம்பளம் இல்லாத காவல்காரர்கள்

மாலை நேரம். மலை அடிவாரத்தில் பெரிய புல்வெளி. சாலை ஓரத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால், பேச்சுமூச்சு இல்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

திடீரென்று ஒரு குரல் கிளம்புகிறது! அடித்தொண்டையில் ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, சீட்டி அடிப்பதுபோல் முடிகிறது. அது ஓர் ஆண் மானின் குரல்.

இது நடப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில். இடத்தின் பெயர் ராக்கி மலை தேசியப் பூங்கா. மானின் பெயர் "எல்க்". எடை சுமார் 300 கிலோ. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் துணை தேடி இப்படிக் குரல் கொடுக்கும்.

அந்தச் சமயத்தில் அதற்கு மூர்க்கம் அதிகம். கிட்டே போனால் கொம்பால் குத்திவிடும். ஆனாலும், படம் எடுக்கும் ஆசையில் சிலர் புல்வெளிக்குள் இறங்கப் பார்க்கிறார்கள்.

"ஐயா, 75 அடி தள்ளி நில்லுங்கள்" என்று பணிவோடு தடுக்கிறார் ஒருவர். அவர் போலீஸ்காரர் அல்ல. சம்பளம் வாங்குகிறவரும் அல்ல. அவர் ஒரு தொண்டர்!

அழிந்து மீண்ட மான்

ஒரு காலத்தில் இந்த மலையில் எல்க் மானே இல்லாமல் போயிற்று. வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். 1913, 1914-ம் ஆண்டுகளில் "எல்லோஸ்டோன்" பகுதியில் இருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று குரல் கொடுப்பவை அவற்றின் வழிவந்தவையே.

1915-ம் ஆண்டு இது தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் ஈனோஸ் மில்ஸ். அவர் மந்திரி அல்ல. மலையடியில் விடுதி நடத்தியவர். மலை ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டியவர். ஒரு தனி மனிதரின் ஆர்வம் ஒரு மலையையே காத்தது.

ஒரு காலடி போதும்

இன்று ஆண்டுக்கு 40 லட்சம் பேர் அங்கே வருகிறார்கள். பூங்காவின் சாலை 12,000 அடிக்கு மேல் ஏறுகிறது. அந்த உயரத்தில் மரம் கிடையாது. விரல் உயரச் செடிகள்தான். கோடையில் சில வாரங்களே வளரும், அதற்குள் பூத்துவிடும். பலர் மிதித்த இடம் மறுபடி பச்சை பிடிக்கப் பல பத்து ஆண்டுகள் ஆகும்.

மதியத்துக்கு மேல் இடி, மின்னல் வரும். உச்சியில் ஒதுங்க இடம் இல்லை. "விடியலில் ஏறுங்கள், மதியத்துக்குள் இறங்குங்கள்" என்று சொல்வதும் தொண்டர் வேலையே. பாதை செப்பனிடுகிறார்கள். குப்பை பொறுக்குகிறார்கள். வழி கேட்போருக்கு வழி சொல்கிறார்கள். இத்தகைய தொண்டர்களைச் சேர்க்க 1970-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது.

அரசும் மறக்கக்கூடாது

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், நாடெங்கும் தேசியப் பூங்காக்களில் வேலை நிரந்தரம் ஆகாத சுமார் 1,000 பேரை அமெரிக்க அரசு நீக்கியது. பிறகு கோர்ட்டு தலையிட்டது. தொண்டர்கள் இருக்கிறார்களே என்று ஊழியரைக் குறைப்பது சரி அல்ல. தொண்டர் வழி சொல்லலாம். சட்டத்தை மீறுகிறவனைப் பிடிக்க அதிகாரிதான் வேண்டும். தொண்டர் என்பவர் துணைக் கை. துணைக் கையே முழு உடம்பு ஆகிவிடாது.

அதற்காக, "எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும்" என்று நாம் இருந்துவிடவும் கூடாது. 40 லட்சம் பேருக்கும் ஆளுக்கு ஒரு காவலாளி போட எந்த அரசாலும் முடியாது. பாதையை விட்டு விலகாதவர், மிருகத்துக்குத் தீனி போடாதவர், தன் குப்பையைத் தானே திருப்பி எடுத்துப் போகிறவர்—இவர்களும் தொண்டர்களே.

அடுத்த முறை குடும்பத்தோடு மலைக்குப் போனால், உங்கள் குழந்தையின் கையில் ஒரு பையைக் கொடுங்கள். "நம் குப்பை இதிலே" என்று சொல்லுங்கள்.

மலையைக் காக்கும் வேலைக்கு அன்றே ஓர் ஆள் கூடிவிட்டது!