“ரூம் இல்லை!”

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்யும் தோழர் ஒருவரும் நாமும் சென்னையில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு சென்ட்ரலுக்கு வந்து சேருவதற்குள் நம்மூருக்குப் போகும் கடைசி ரயில் போய்விட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. தோழர் கையில் போனஸ் பணம் இருந்ததால், பட்டணத்தின் நடுவிலுள்ள ஒரு பெரிய ஓட்டலுக்குள் நுழைந்தோம்.

குமாஸ்தா வாடகையைச் சொன்னார். சரி என்றோம். அடையாள அட்டையைக் கேட்டார். தோழர் தமது ஆதார் அட்டையைக் கொடுத்தார். அதிலே விலாசத்தில் “காலனி” என்று இருந்தது. குமாஸ்தா அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார், உள்ளே போனார், திரும்பி வந்து, “ரூம் இல்லை” என்றார். வாடகை சொன்னபோது இருந்த ரூம் விலாசம் படித்ததும் எங்கே ஓடிற்று என்று கேட்டோம். பதில் இல்லை. நாம் நின்றுகொண்டிருக்கும்போதே காரிலிருந்து இறங்கிய ஒருவர், “ரூம் இருக்கிறதா?” என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனார். நாங்கள் ஸ்டேஷனில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். நாம் கோபமாய்ப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தோழர் சிரித்துக்கொண்டே, “இது எனக்குப் புதுசில்லை தோழர், உங்களுக்குத்தான் புதுசு” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தத் தலையங்கத்திற்குக் காரணம்.

இந்தக் கதை வெகு பழையது. அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கப் போனார். எந்த இந்து ஓட்டலும் தம்மைச் சேர்க்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதி, தினம் ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் பார்சிக் கூட்டம் ஒன்று தடிகளோடு வந்து அவரை வெளியேற்றிற்று. ராஜாவின் உத்தியோகஸ்தருக்கு ராஜாவின் நகரத்தில் படுக்க இடமில்லை! சாயங்காலம் வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்து, ரயிலேறிப் பம்பாய்க்குப் போனார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வெள்ளைக்கார நாட்டிலும் இதே கதைதான். 1943-ல் லண்டன் ரஸ்ஸல் சதுக்கத்திலுள்ள இம்பீரியல் ஓட்டலில், பிரபல கிரிக்கெட் ஆட்டக்காரரான கறுப்பர் லியரி கான்ஸ்டன்டைன், மனைவி மகளோடு நான்கு இரவுகள் தங்க முன்பணம் கட்டி ஏற்பாடு செய்திருந்தார். அங்கே தங்கியிருந்த அமெரிக்கருக்குப் பிடிக்காது என்று சொல்லி அவர்களை இருக்கவிடவில்லை. அவர் வழக்குப் போட்டார். 1944-ல் ஐந்து கினி நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. தொகை அற்பம்தான். ஆனால் வந்த பிரயாணியை நியாயமான காரணமின்றித் துரத்த ஓட்டல்காரனுக்கு உரிமை இல்லை என்பது ஊரறிய நிலைநாட்டப்பட்டது.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தின் மத்தியில் 216 அறைகளுள்ள ஒரு விடுதிக்காரர், கறுப்பருக்கு அறை கொடுக்கும்படி 1964-ம் வருஷச் சட்டம் கட்டாயப்படுத்துவது தம்மையே அடிமையாக்குவதாகும் என்று வாதாடினார்! யாருடைய விடுதலைக்காக அடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ, அவர்களை வெளியே நிறுத்துவதற்கு அந்தச் சட்டத்தையே தூக்கிக்கொண்டு வந்த சாமர்த்தியத்தை என்னென்பது? சுப்ரீம் கோர்ட்டு அந்த வருஷமே அதை ஒருமுகமாகத் தள்ளிவிட்டது.

நம் நாட்டில் மட்டும் என்ன? ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்றிருந்தது 1941-ல் ஒழிந்தது. “பிராமணாள்” என்ற போர்டை எடுக்கும்படி 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் மறியல் நடந்தது. இன்று அப்படிப்பட்ட போர்டைக் காண்பது அரிது. மகிழ்ச்சிதான். ஆனால் போர்டு இருந்த காலத்தில் எதிரி எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரிந்தது. லண்டனில் காரணத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். அதனால் வழக்குப் போட முடிந்தது. இன்றைக்கு அந்த எதிரி போர்டை விட்டிறங்கி, குமாஸ்தாவின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். “நீ இன்ன சாதி, வராதே” என்று சொல்லுவதில்லை. “ரூம் இல்லை” என்கிறான். நிரூபிக்க முடியுமா என்று நம்மையே கேட்கிறான்.

தோழர்களே! நிரூபிக்க முடியாது என்று நினைத்துத்தான் நாம் ஸ்டேஷனில் படுக்கிறோம். இது நமது அறியாமை. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எவரையும் ஓட்டலுக்குள் விடாமல் தடுக்கக்கூடாது என்று ஓட்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தீண்டாமை காரணமாக ஓட்டலில் இடம் மறுப்பது 1955-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அதே சட்டத்தின் 12-வது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. தாழ்த்தப்பட்டவர் ஒருவருக்கு அப்படி இடம் மறுக்கப்பட்டதென்றால், வேறு காரணம் ருசுவாகும்வரை அது தீண்டாமையால்தான் என்று கோர்ட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, காரணம் காட்டும் பாரம் ஓட்டல்காரன் தலையில்! இதை அன்றிரவு நாமும் மறந்துபோனோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆகவே இனி “ரூம் இல்லை” என்றால், பேசாமல் திரும்பாதீர்கள். காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவருக்குச் சாவி கிடைத்ததைச் சாட்சியோடு குறித்துக்கொள்ளுங்கள். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். “காலனி” என்ற சொல்லே இழிவின் அடையாளமாகிவிட்டதென்று, அரசாங்க ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். சொல்லை நீக்குவது நல்லது. சொல்லைப் பார்த்ததும் சுருங்கும் கண்ணை நாம்தான் நீக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து ஆலையில் உழைக்கும் தொழிலாளி அறை கேட்டால், நாம் என்ன சொல்லுகிறோம்? வாடகைக்கு வருகிறவரிடம், “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்காத வீட்டுக்காரர் நமக்குள்ளே எத்தனை பேர்? பட்டணத்து ஓட்டல்காரன் நமக்குச் செய்ததை நம் வீட்டுத் திண்ணையில் நின்று இன்னொருவனுக்கு நாம் செய்தால், அவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சாவி கேட்கிற கைக்கு மானம் வேண்டும். சாவி கொடுக்கிற கைக்கு அறிவு வேண்டும்.